மேட்டுப் பக்கம் குதி

நவம்பர் 10, ஞாயிறு

உரக்கடையில் கொடுத்த டைரி. பத்து மாசம் மொதலாளி மேசையில் தூசி தின்றுவிட்டு இன்றைக்கு என் கைக்கு வந்தது. "மாயழகு, டீசல் எப்ப போட்ட, வண்டி எங்க போச்சு, எல்லாம் இதுல எழுது" என்றார். டீசலுக்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கத்தை என்ன செய்வது? ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்து துருப்பிடித்துக் கிடக்கிறது. அதையும் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம்.

டீசல் போட்டாச்சு.

இந்த ஜீப்பு வாரத்தில் ஆறு நாள் உரமூட்டை, காப்பிப்பழ மூட்டை, பழம் பறிக்கும் ஆட்களை ஏற்றும். ஏழாவது நாள் தோட்டத்து பங்களாவில் தங்க வருகிற டவுன்காரர்களை ஏற்றிக்கொண்டு, காட்டுப்பாதையில் பாறை மேட்டுக்குப் போய்வரும். மூட்டை கத்தாது, இவர்கள் கத்துவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று மதுரையிலிருந்து ஒரு குடும்பம். இறங்கும்போது கொக்கி வளைவில் என் வழக்கமான வேலையைக் காட்டினேன். அந்த இடத்தில் பாதை சரிவாகத் திரும்பும். ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் பள்ளம். பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டியை ஒரு துள்ளு துள்ளவிட்டு, "ஐயோ, பிரேக் போச்சு!" என்று கத்துவேன். அந்தம்மா புருஷனை விட்டுவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் மெதுவாக மிதித்து நிறுத்தி, "வந்துருச்சுங்க, டீ குடிக்கப் போயிருந்துச்சு" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சின்னப் பையன் மட்டும், "அங்கிள், இன்னொருக்கா" என்றான்.

நவம்பர் 11, திங்கள்

சவரிமுத்து ஷெட்டில் வண்டியை விட்டேன். பிரேக் ஷூ மாற்றி, ஆயில் மாற்றி, நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்து மாட்டினான். எங்கள் ஊர் நெல்லிக்கொம்பில் ஓடுகிற எல்லா ஜீப்புக்கும் அவன்தான் டாக்டர். ஒரு நட்டை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பான்.

"டேய் சவரி, நட்டைத் தடவுற நேரத்துல பொண்டாட்டியைத் தடவியிருந்தா இன்னும் ரெண்டு புள்ளை பெத்துருக்கலாம்" என்றேன்.

"மாப்ள, ஒன் வாயைக் கழட்டி மாட்டத்தான் எங்கிட்ட ஸ்பானர் இல்லை" என்றான்.

மத்தியானம் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். சீனியம்மா. நிலக்கோட்டைப் பக்கம், பூப்பறிக்கிற வேலை பார்த்தவள். புருஷன் கேரளாவில் ரப்பர் வெட்டுகிறானாம். மலைப்பாதையில் ஜீப்பில் ஏறுவதே முதல் தடவை. பின் கம்பியைப் பிடித்த பிடியில் கம்பி வளைந்துவிடும் போலிருந்தது. புது ஆளுக்குச் சொல்கிறதை அவளுக்கும் சொன்னேன்.

"இந்தாம்மா, கேட்டுக்க. பிரேக் இல்லைன்னு நான் சத்தம் குடுத்தா யோசிக்காத. மேட்டுப் பக்கம் குதி. பள்ளத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காத."

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. முன்னே ஒரு தடவை மிளகு ஏற்றிய ஜீப்பு ஒன்று கீழே போனது. மேட்டில் குதித்தவர்கள்தான் மிஞ்சினார்கள். அதிலிருந்து இங்கே எல்லோருக்கும் இது பாடம்.

"சரிண்ணே" என்றாள். அதை வாய்க்குள்ளே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நவம்பர் 13, புதன்

மழை. பாதையில் சில்வர் ஓக் மரம் சாய்ந்து கிடந்தது. சங்கிலி கட்டி ஜீப்பால் இழுத்துப் போட்டோம். பழம் பறிக்கிற குருவக்கா தள்ளி நின்று கைதட்டினாள். "மரத்தை ஒன் வண்டி இழுக்குது, ஒன்னை யாரு இழுக்குறது?" என்றாள். "நீ இழுத்தா வருவேன்க்கா" என்றேன். கூடையால் அடிக்க வந்தாள்.

நவம்பர் 15, வெள்ளி

சாயங்காலம் ஆட்களை ஏற்றி இறங்கும்போது கொக்கி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. சத்தம் கொடுத்தேன். சீனியம்மா குதித்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மறுபடி மிதித்ததும் பிரேக் பிடித்துக்கொண்டது. அவளைக் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு.

டீசல் போடவில்லை.

நவம்பர் 16, சனி

மொதலாளி காலையிலேயே வந்துவிட்டார். "என்ன ஆச்சு?" என்றார். பிரேக் மிதி உள்ளே போய்விட்டது என்றேன். "கடைசியா யாரு பாத்தது?" என்றார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? சவரி என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து டவுன் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். பிரேக்கில் உள்ள எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குச் சவரி ஓடிவந்தான். கையில் கிரீஸ் கூடத் துடைக்கவில்லை.

"மாப்ள, மிதி முழுசா உள்ள போச்சா? இல்லை, கல்லு மாதிரி நின்னுக்கிட்டு வண்டி மட்டும் வழுக்குச்சா?"

"உள்ள போச்சு."

"முழுசாவா?"

"ஆமாடா."

என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப பிரேக் கொழாயில காத்து ஏறியிருக்கு. நான் காத்து எடுத்தேனே. நாலு சக்கரமும் எடுத்தேனே. எடுத்தேன்ல மாப்ள? நீ பக்கத்துலதான நின்ன?"

நின்றேன்தான். எடுத்தான்தான். "எடுத்த மாதிரிதான் தெரிஞ்சுச்சு" என்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பங்களாவுக்கு ஆள் வந்திருந்தது. வண்டி டவுனில் என்று சொல்லிவிட்டேன். நல்லதாய்ப் போயிற்று.

நவம்பர் 20, புதன்

ஆரஞ்சு ஒரு பை கொண்டுபோய் சீனியம்மாவைப் பார்த்தேன். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். செலவு மொத்தமும் மொதலாளி. அவள் ஆரஞ்சை வாங்கிக்கொண்டாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "நல்லா உரிச்சுச் சாப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆரஞ்சை உரிக்காமல் யார் சாப்பிடுவார்கள்?

கூட வந்த குருவக்கா பஸ்ஸில் கேட்டாள்: "மாயழகு, அன்னைக்கு நெசமாத்தான் போச்சா? நாங்க எல்லாம் எப்பவும் போல நீ வெளையாடுறேன்னுல நெனச்சோம்."

"இதுல வெளையாடுவாங்களாக்கா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

நவம்பர் 28, வியாழன்

ஜீப்பு வந்துவிட்டது. மிதித்தால் ஆணி அடித்தது போல நிற்கிறது. முன்னாலும் அப்படித்தான் நின்றது.

சவரி ஷெட் வழியாக வந்தேன். எப்போதும் அங்கே இரண்டு வண்டி நிற்கும். இன்று ஒன்றும் இல்லை. எப்போதும் மூன்று ஹாரன் அடிப்பேன், உள்ளேயிருந்து திட்டுவான். அடிக்கவில்லை.

டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சவரிக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது என்று ஒருத்தர், குடிக்கிறான் என்று ஒருத்தர். அவன் பண்டிகைக்குக்கூடக் குடிக்காதவன். "அவன் குடிக்க மாட்டான்யா" என்றேன். "ஒன்னைக் கொல்லப் பாத்தவனுக்கு நீயே வக்காலத்து வாங்குறியே" என்று டீக்கடைக்காரர் எனக்கு வடை கொடுத்தார். தின்றேன். தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பங்களாவுக்கு நாலு வாலிபர்கள். போன மாசம் வந்த மதுரைக் குடும்பத்துக்குத் தெரிந்தவர்களாம். கொக்கி வளைவு வந்ததும் ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அந்த பிரேக் காமெடி பண்ணுங்கண்ணே, எங்கக்கா சொல்லிச்சு" என்றான்.

"பிரேக் நல்லாருக்கு தம்பி" என்றேன்.

"சும்மா கத்துங்கண்ணே."

"நல்லாருக்குன்னு சொல்றேன்ல!" குரல் எங்கேயோ போய்விட்டது. அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

டிசம்பர் 4, புதன்

பள்ளிக்கூட வேன்காரர் மட்டும் துணிந்து சவரியிடம் பிரேக் பார்க்கப் போயிருக்கிறார். அவன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். "புள்ளைக போற வண்டி. நான் தொட மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஒரு பழைய சக்கரத்தைப் போட்டு, நட்டைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"எங்க தப்பு விட்டேன்னு தெரிஞ்சா மனசு ஆறிரும் மாப்ள. கழட்டுன பழைய சாமானையாச்சும் குடுங்கன்னு டவுன் பட்டறையில போய்க் கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்களாம். தெரியாமயே போகப் போகுது."

கையை நீட்டிக் காட்டினான். நடுங்கியது. தை பிறப்பதற்குள் ஷெட்டைக் காலி செய்துவிட்டு, மச்சினனோடு திருப்பூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறானாம். "உக்காந்தே இருக்குற வேலை. யாரு உசுரும் என் கையில இருக்காது" என்றான்.

டிசம்பர் 6, வெள்ளி

என் பொண்டாட்டி ராக்கு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சலும் இல்லை. நாலு நாளா என் சமையலைக் கிண்டல் பண்ணலியே, என்ன சீக்கு ஒனக்கு?" என்றாள். ரசம் நன்றாக இருக்கிறது என்றேன். பயந்துபோய்விட்டாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

டீசல் போட்டாச்சு.

நவம்பர் 15 பக்கத்தை எடுத்து வாசித்தேன். யாரும் பார்க்காத டைரியில்கூட இப்படி எழுதியிருக்கிறேன். பிரேக் பிடிக்கவில்லையாம். மிதித்தால்தானே பிடிப்பதற்கு.

டிசம்பர் 12, வியாழன்

மொதலாளியிடம் சொல்லிவிட்டேன். காப்பிக் களத்தில் பழம் அளந்துகொண்டிருந்தார். தள்ளிக் கூப்பிட்டு, "ஐயா, அன்னைக்கு பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் வெளையாட்டுக்குக் கத்துனேன். சவரி மேல தப்பே இல்லை" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் தோளில் தட்டினார்.

"சேக்காளி கடையை மூடுறான்னதும் பழியை நீ ஏத்துக்கப் பாக்குற. இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா?"

"இல்லைங்கய்யா, நெசமா..."

"போதும் மாயழகு. நீ வாழ்க்கையில எதை நெசமாச் சொல்லியிருக்க?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

டீக்கடையிலும் சொல்லிப் பார்த்தேன். இன்னொரு வடை கொடுத்தார்கள்.

டிசம்பர் 13, வெள்ளி

நான் சொன்னது சவரி காதுக்குப் போய்விட்டது. வீட்டு வாசலுக்கே வந்தான்.

"எனக்காகப் பொய் சொல்லாதடா. நீ நல்லவனாக ஆக, நான் இன்னும் கேவலமா ஆகுறேன். விட்ரு."

"டேய், சத்தியமாடா. கால் மிதியிலேயே இல்லைடா."

"அன்னைக்கு எங்கிட்ட முழுசா உள்ள போச்சுன்னியே. மூஞ்சியைப் பாத்துச் சொன்னியே. என் மூஞ்சியைப் பாத்து நீ பொய் சொல்லுவியா மாப்ள?"



டிசம்பர் 25, புதன்

வருஷா வருஷம் போல சவரி வீட்டிலிருந்து தூக்குப்போணியில் பிரியாணி வந்தது. அவன் பொண்டாட்டியே கொண்டுவந்தாள். "அடுத்த வருஷம் எங்க இருப்போமோ, அண்ணனுக்குக் குடுத்துட்டு வான்னாரு" என்றாள். ராக்கு அழுதாள். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். போணியைக் கழுவிக் கொடுக்கவாவது செய்தேன்.

டிசம்பர் 27, வெள்ளி

சீனியம்மா தோட்டத்து லயன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். கட்டுப் போட்ட காலைப் பலகையில் நீட்டி வைத்து, காப்பிக்கொட்டையில் கருத்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இவளும் நம்ப மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"தெரியும்ண்ணே" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே மேட்டுப் பக்கம் குதிச்சேன். காத்துல இருக்கேன், கால் இன்னும் தரையில படலை. வண்டிக்குள்ள எல்லாரும் சிரிக்குறாங்க. சாகப்போற வண்டியில யாருண்ணே சிரிப்பா?"

கையிலிருந்த கருப்புக் கொட்டையை எடுத்துத் தனியாகப் போட்டாள்.

"அப்புறம் ஏம்மா சொல்லலை?"

"வந்து அஞ்சு நாளான ஆளு நான். உங்களை எதுத்துச் சொன்னா யாரு கேப்பா? ஆசுபத்திரிக்கு ஆரஞ்சு கொண்டாந்தீங்களே, அன்னைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"மொதலாளிகிட்டச் சொன்னேன்மா. சவரிகிட்டச் சொன்னேன். ஒருத்தரும் நம்பலை."

"தனியாத் தனியாச் சொன்னா எப்படி நம்புவாங்க? என்னையக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

டிசம்பர் 30, திங்கள்

காலையில் சீனியம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, கட்டுப் போட்ட காலுக்கு ராக்குவின் தலையணையை வைத்து, முதலில் சவரி ஷெட்டுக்குப் போனேன். ஸ்பானர்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

சீனியம்மா வண்டியில் இருந்தபடியே பேசினாள். "அண்ணே, உங்க பிரேக் புடிச்சுச்சு."

சவரி நிமிர்ந்தான்.

"நான் விழுந்த எடத்துக்குப் பக்கத்துலயே வண்டி நின்னுச்சு. பின் சக்கரம் என் கண்ணு முன்னாடி இருந்துச்சு. உருளவே இல்லை. கையை நீட்டித் தொட்டேன்."

"எந்த எடம்?"

"அந்தச் சரிவுலதான். பாதி வளைவுல."

"எத்தனை பேரு வண்டியில?"

"எல்லாரும் இருந்தோம். மூட்டையும் இருந்துச்சு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி விரலால் காற்றில் வளைவைப் போட்டுப் பார்த்தான். "மிதி முழுசா உள்ள போன வண்டி, அத்தனை லோடோட, அந்தச் சரிவுல, விழுந்த ஆளு பக்கத்துலயே நிக்காது. பள்ளத்துலதான் கெடக்கும்" என்றான். யாரிடமோ பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினான்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஒன்றரை மாசமா ராத்திரி எந்திரிச்சு, எந்திரிச்சு, அந்த நாலு சக்கரத்தையும் மனசுக்குள்ள கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தேன்டா" என்றான். சாக்கை அங்கேயே விட்டுவிட்டு ஷெட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அங்கிருந்து காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடுகிற இடத்துக்குப் போனோம். ஆட்கள் எல்லாம் கூடை வைத்துக்கொண்டு நின்றார்கள், மொதலாளியும் இருந்தார். ஜீப்புப் படியில் ஏறி நின்று சொன்னேன். பாதியில் இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள். சீனியம்மா சேலையை ஒதுக்கிக் கட்டுப் போட்ட காலை வெளியே நீட்டினாள். சிரிப்பு நின்றது.

குருவக்கா கூடையைக் கீழே வைத்தாள். "நானும்தான்டி சிரிச்சேன்" என்றாள் சீனியம்மாவிடம்.

ஜனவரி 6, திங்கள்

டைரியின் கடைசிப் பக்கம் தீர்ந்தது. முன்னால் போன ஜனவரிப் பக்கங்கள் காலியாகக் கிடக்கின்றன. கிழமையை அடித்துவிட்டு அதில் எழுதுகிறேன்.

மொதலாளி வேலையை விட்டுத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சவாரி இனி எனக்குக் கிடையாது. "ஒன்னை நம்பித்தானடா அவன் பொழைப்பைக் கெடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். அவரே ஷெட்டுக்கு நடந்து போய்ச் சவரியிடம் பேசினார். டீக்கடையில் வடை கிடையாது, டீயும் கேட்டால்தான்.

சீனியம்மாவுக்குத் தண்ணீர்க்குடமும் விறகும் நான்தான் கொண்டுபோய் வைக்கிறேன். வாங்கி வைத்துக்கொள்கிறாள். நன்றி சொல்வதில்லை. அதுதான் சரி.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்தது. சவரி திருப்பூர் போகவில்லை. ஷெட் முன்னால் பள்ளிக்கூட வேன் நிற்கிறது.

நம் ஜீப்பையும் பிரேக் பார்க்க அங்கேயே விடச் சொன்னார் மொதலாளி. விட்டேன். சவரி நாலு சக்கரத்தையும் கழற்றினான். ஒவ்வொரு நட்டையும் மூன்று தரம் தொட்டான். நான் பக்கத்தில் நின்றேன். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை முடிந்ததும் சாவியை என் கையில் தராமல் சீட்டில் வைத்துவிட்டுப் போனான். கை நடுங்கவில்லை. பார்த்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

சீனியம்மா இன்றுதான் வேலைக்கு வந்தாள். கொஞ்சம் நொண்டுகிறாள், ஏறும்போது குருவக்கா கை கொடுத்தாள். முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று பின்னால், மேட்டுப் பக்கம், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் இறங்கினோம். கொக்கி வளைவு வர வர வண்டிக்குள் பேச்சு அடங்கிப்போனது. முதல் கியரில் ஊர்ந்துகொண்டு போனேன்.

பாதி வளைவில், பின்னாலிருந்து சீனியம்மா, நிதானமாக, சாமான் எத்தனை என்று கேட்கிற குரலில், "அண்ணே, பிரேக் போச்சு" என்றாள்.

என் கால் என்னைக் கேட்காமலேயே போய் மிதித்தது. மூட்டை, கூடை, ஆள் எல்லாம் ஒருசேர முன்னால் சரிந்து, வண்டி அடித்து வைத்தது போல நின்றது. நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. அவளுக்கு அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

திரும்பிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"புடிக்குதே" என்றாள். "சவரி அண்ணன் வேலை."

யாரும் சிரிக்கவில்லை. வண்டியை மெதுவாக எடுத்தேன். சவரி ஷெட் வந்தபோது என்ன நினைத்தேனோ, ஒரே ஒரு ஹாரன் அடித்தேன். உள்ளேயிருந்து திட்டு வரவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி கேட்டது.

டீசல் நாளைக்குப் போட வேண்டும்.